193 பேர் கம்பெனியும் சார்ட்டில் இல்லாத பிளாட்டூனும்

கம்பெனின்னு சொன்னா நம்மில் பாதிப் பேருக்கு ஐ.டி. பார்க், கழுத்துல தொங்கற ஐ.டி. கார்டு, மைக்ரோவேவ்ல சூடு பண்ண வரிசையில நிக்கறது இதெல்லாம்தான் ஞாபகம் வரும். இன்னைக்குப் பேசப்போறது வேற கம்பெனி. ஆனா அதுக்கும் ஒரு ஆர்கனைசேஷன் சார்ட் உண்டு. யார் யாருக்குக் கீழே, யார் கையில என்ன பொருள், யாருக்கு என்ன பதவி, எல்லாமே கட்டம் கட்டமா அச்சடிச்சு வெச்சிருந்தாங்க. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையின் ரைஃபிள் கம்பெனி.

எனக்கு இந்த விஷயத்துல ஆர்வம் வந்தது ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ சீரிஸ் பார்த்துத்தான். அதுல வர்ற ஈஸி கம்பெனி. ரொம்ப நாள் வரைக்கும் ‘ஈஸி’ங்கறது ஏதோ செல்லப் பேருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்லை. ரேடியோவில் எழுத்துகளைக் குழப்பாம சொல்றதுக்கு அன்னைக்கு அமெரிக்க ராணுவம் வெச்சிருந்த வரிசை ஏபிள், பேக்கர், சார்லி, டாக், ஈஸி, ஃபாக்ஸ். ஈஸின்னா வெறும் ‘இ’ கம்பெனி, அவ்வளவுதான். ஒரு ரெஜிமென்ட்டுக்கு மூணு பட்டாலியன். முதல் பட்டாலியனுக்கு ஏ, பி, சி, டி. இரண்டாவதுக்கு இ, எஃப், ஜி, எச். மூணாவதுக்கு ஐ, கே, எல், எம். நடுவுல ‘ஜே’ கிடையாது. கையால எழுதும்போது ஐயும் ஜேயும் ஒண்ணு போலத் தெரியும்னு விட்டுட்டாங்கன்னு பொதுவா காரணம் சொல்வாங்க. ஒவ்வொரு பட்டாலியனிலும் நாலாவது எழுத்து, அதாவது டி, எச், எம், கனரக ஆயுதக் கம்பெனி. மத்த மூணும்தான் ரைஃபிள் கம்பெனி.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிடறேன். சீரிஸில் வர்றது பாராசூட் வீரர்களோட கம்பெனி. அதோட அமைப்பு கொஞ்சம் வேற. நான் சொல்லப்போறது வானத்திலிருந்து குதிக்காத, லாரியில வந்து இறங்கி மீதி தூரத்தை நடந்தே கடந்த சாதாரணக் கம்பெனி. பாராசூட் வீரருக்கு மாசம் 50 டாலர் கூடுதல் சம்பளம். இவங்களுக்கு 1943-ல் ஒரு பேட்ஜும், 1944-ல் அதோட மாசம் 10 டாலரும் வந்தது.

1944 பிப்ரவரியில் வந்த சார்ட்படி ஒரு ரைஃபிள் கம்பெனியில் 193 பேர். அதில் அதிகாரிகள் ஆறே பேர். தலைமையிடத்தில் கேப்டனையும் சேர்த்து 35 பேர். சமையல்காரர்கள், குமாஸ்தா, சப்ளை சார்ஜென்ட், துப்பாக்கி ரிப்பேர் பார்க்கறவர், செய்தி கொண்டு ஓடறவங்க எல்லாரும் இதுக்குள்ளதான். மூணு ரைஃபிள் பிளாட்டூன், ஒவ்வொண்ணிலும் 41 பேர். ஒரு ஆயுதப் பிளாட்டூன், 35 பேர். கூட்டிப் பாருங்க, 193 சரியா வரும். கணக்கு சரியா வர்ற ஒரே இடம் காகிதம்தான், அதுக்குப் பிறகு வருவோம்.

ஒரு ரைஃபிள் பிளாட்டூனுக்கு மூணு ஸ்குவாட். ஸ்குவாட்டுக்கு 12 பேர். போரோட உண்மையான அணு இதுதான். பயிற்சிப் புத்தகம் இந்தப் பன்னிரண்டு பேரை மூணாப் பிரிச்சது. ஏபிள் குழுவில் ரெண்டு ஸ்கவுட், கூடவே ஸ்குவாட் தலைவர். பேக்கர் குழுவில் நாலு பேர், அவங்க கையில பி.ஏ.ஆர். என்கிற தானியங்கி ரைஃபிள். சார்லி குழுவில் அஞ்சு பேர். ஏபிள் போய் எதிரி எங்க இருக்கான்னு கண்டுபிடிக்கும். பேக்கர் சுட்டுச் சுட்டு அவனைத் தலை தூக்க விடாம வைக்கும். சார்லி பக்கவாட்டில் சுத்திப் போய்த் தாக்கும்.

கரும்பலகையில் வரைஞ்சா அருமையான திட்டம். களத்தில் என்ன ஆச்சுன்னா, எதிரியைக் கண்டுபிடிக்கறதே அவன் சுடும்போதுதான். ஸ்கவுட் கூடவே முன்னாடி போன தலைவர் முதல் நிமிஷத்திலேயே தரையோடு ஒட்டிக் கிடப்பார். பின்னாடி இருக்கற ஒன்பது பேருக்கு என்ன பண்ணணும்னு சொல்ல ஆள் இருக்காது. குண்டு வெடிக்கற சத்தத்துல ஒருத்தர் குரல் பன்னிரண்டு பேருக்கு எட்டாது. போர் முடிஞ்சு 1946-ல் ஃபோர்ட் பென்னிங்கில் காலாட்படை அதிகாரிகள் கூடிப் பேசினப்போ, ஸ்குவாட்டை ஒன்பது பேராகக் குறைக்கணும்னு முடிவு பண்ணாங்க. எனக்கு அந்த முடிவு ரொம்ப நியாயமாப் படுது. பன்னிரண்டு பேர் இருக்கற வாட்ஸ்அப் குரூப்பை வெச்சு ஒரு சினிமாவுக்குப் போக முடிவெடுத்துப் பார்த்தவங்களுக்குப் புரியும்.

சரி, கையில என்ன இருந்தது?

பெரும்பாலானவங்க கையில எம்-1 ரைஃபிள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் வேலை பார்த்த ஜான் கேரண்ட் வடிவமைச்சது. அவர் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். 1936-ல் ராணுவம் அதை ஏத்துக்கிட்டது. நாலேகால் கிலோவுக்கு மேல எடை. எட்டுத் தோட்டா உள்ள ஒரு உலோகக் கிளிப்பை அப்படியே மேலிருந்து அழுத்தி உள்ளே தள்ளணும். விசையை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு குண்டு, அடுத்தது தானாவே தயாராகிடும். இதில் என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். அன்னைக்கு ஜெர்மன் வீரன் கையில இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் கையால போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டிய, அஞ்சு தோட்டா பிடிக்கிற ரைஃபிள். ஒரு ராணுவம் தன்னோட சாதாரண சிப்பாய்க்கே தானா லோடு ஆகற ரைஃபிளைப் பொதுவான ஆயுதமாக் குடுத்தது அமெரிக்காவில்தான்.

இந்த ரைஃபிளுக்குப் பின்னால ஒரு பட்ஜெட் கதை இருக்கு. கேரண்ட் முதலில் வடிவமைச்சது ஏழு மில்லிமீட்டர் தோட்டாவுக்கு, கிளிப்பில் பத்துத் தோட்டா. 1932-ல் ராணுவத் தலைமைத் தளபதியா இருந்த டக்ளஸ் மெக்கார்தர் வேண்டாம்னுட்டார். பழைய பெரிய தோட்டா கிடங்கு கிடங்கா இருக்கு, இயந்திரத் துப்பாக்கிகளும் அதே தோட்டாவில்தான் ஓடுது, பொருளாதார நெருக்கடி வேற. பெரிய தோட்டாவுக்கு மாத்தினதும் கிளிப்பில் எட்டுதான் கொள்ளுச்சு.

கேம் ஆடறவங்க எல்லாருக்கும் அந்த ‘டிங்’ சத்தம் தெரியும். எட்டாவது குண்டு போனதும் காலிக் கிளிப் துள்ளி வெளியே விழும் சத்தம். ஜெர்மன்காரன் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து சுடுவான்னு ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கு. நான் இதை நம்பறதில்லை. சுத்தி மோர்ட்டார் வெடிக்கும்போது நூறு மீட்டர் தள்ளி இருக்கறவனுக்கு ஒரு தகரத் துண்டு விழற சத்தம் கேக்குமா? கேட்டு எழுந்தாலும், பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் துப்பாக்கியில குண்டு இருக்குமே.

ஸ்குவாட்டோட பலவீனம் ரைஃபிளில் இல்லை, பி.ஏ.ஆர்.-இல் இருந்தது. ஜான் பிரவுனிங் முதல் உலகப் போர் சமயத்தில் வடிவமைச்சது. ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. ஆனா மேகசினில் 20 தோட்டாதான். வேகமாச் சுட்டா குழல் சூடாகிடும், அதை மாத்தவும் முடியாது. எதிர்ப்பக்கம் ஜெர்மன் ஸ்குவாட்டில் எம்.ஜி.-42. தோட்டா பெல்ட்டாகவே உள்ளே போகும், நிமிஷத்துக்கு 1,200 குண்டு வேகம், குழலைச் சில நொடிகளில் மாத்திடலாம். ஜெர்மன்காரர்கள் ஸ்குவாட்டையே அந்தத் துப்பாக்கியைச் சுத்தித்தான் கட்டினாங்க. ரைஃபிள் வெச்சிருக்கறவன் வேலை பெரும்பாலும் அதுக்குத் தோட்டா தூக்கறதும் காவல் காக்கறதும்தான். அமெரிக்கர்கள் தலைகீழ். ரைஃபிள்காரனைச் சுத்திக் கட்டி, பி.ஏ.ஆர்.-ஐத் துணைக்கு வெச்சாங்க.

அந்த ஜெர்மன் துப்பாக்கியோட சத்தம் சிப்பாய்களை எவ்வளவு பயமுறுத்திச்சுன்னா, ‘அது குரைக்கும், அவ்வளவாக் கடிக்காது’ங்கற தொனியில ராணுவமே ஒரு பயிற்சிப் படம் எடுத்துக் காட்டுச்சு. பார்த்தவங்க எத்தனை பேர் நம்பினாங்களோ. களத்தில் இருந்தவங்க பண்ணது வேற, எங்கேயாவது இன்னொரு பி.ஏ.ஆர். கிடைக்குமான்னு தேடி, ஸ்குவாட்டுக்கு ரெண்டாக்கிக்கிட்டாங்க.

பெல்ட்டில் ஓடற இயந்திரத் துப்பாக்கி அமெரிக்கக் கம்பெனியில் இல்லாம இல்லை. ஆயுதப் பிளாட்டூனில் ரெண்டு இருந்தது. கூடவே 60 மில்லிமீட்டர் மோர்ட்டார் மூணு. குண்டைக் குழாய்க்குள்ள மேலிருந்து போட்டா, வளைஞ்சு போய் ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பாலும் விழும். மேட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கறவனை ரைஃபிளால ஒண்ணும் பண்ண முடியாது, இதால முடியும். டாங்க்கை எதிர்க்க பஸூக்கா. அந்தப் பேர் பாப் பர்ன்ஸ்னு ஒரு ரேடியோ காமெடியன் குழாயில செஞ்சு வாசிச்ச ஒரு வாத்தியத்தோட பேர். அதே வடிவத்தில் இருந்ததால ஒட்டிக்கிச்சு.

என்னைக் கேட்டா, கம்பெனியோட மிகப் பெரிய ஆயுதம் சுடவே சுடாது. அது ரேடியோ. கையடக்கமா, ரெண்டேகால் கிலோ எடையில், ஒரு மைல் தூரம் பேசக்கூடிய செட் கம்பெனிக்கு ஆறு. ஆன்டெனாவை இழுத்தா ஆன் ஆகும், உள்ளே தள்ளினா ஆஃப். பட்டாலியனோட பேச முதுகில் சுமக்கற பெரிய செட் தனி. பீரங்கிப் படையிலிருந்து ஒரு அதிகாரி கம்பெனியோடவே நடந்து வருவார். அவர் வரைபடத்தைப் பார்த்து எண்கள் சொன்னா, டிவிஷனோட பீரங்கிகள் பின்னாலிருந்து பேசும். 105 மில்லிமீட்டர் 36, 155 மில்லிமீட்டர் 12. ஸ்குவாட் அளவுல ஜெர்மன்காரன் கை ஓங்கியிருக்கலாம். ஆனா அமெரிக்க ஸ்குவாட் தனியா சண்டை போடவேண்டிய அவசியம் இல்லாம பார்த்துக்கிட்டாங்க. மழையிலயும் அடர்ந்த காட்டிலயும் அந்த ரேடியோ வேலை செய்யாதப்போதான் கதை மாறும்.

இப்போ அந்தக் கணக்குக்கு வரேன். இந்த எபிசோடே அதுக்காகத்தான்.

ஒரு காலாட்படை டிவிஷன் சுமார் 14,250 பேர். மூணு ரெஜிமென்ட், ஒன்பது பட்டாலியன், 27 ரைஃபிள் கம்பெனி. 27-ஐ 193-ஆல் பெருக்கினா 5,211. அந்தக் கம்பெனிகளுக்குள்ள ஸ்குவாட்டில் இருக்கறவங்களை மட்டும் எண்ணினா, 243 ஸ்குவாட், ஆளுக்குப் பன்னிரண்டு, 2,916 பேர். 14,250 பேர் கொண்ட டிவிஷனில் முன்னால நடந்து போறவன் அஞ்சில் ஒருத்தன். மத்தவங்க சோம்பேறிங்கன்னு நான் சொல்லலை. பீரங்கி, பாலம், மருத்துவம், பெட்ரோல், ரொட்டி எல்லாம் வேணும். ஆனா உயிரிழப்பு அந்த அஞ்சில் ஒரு பங்கு மேலதான் போய் விழும். டிவிஷன் 20 சதவீத இழப்புன்னு அறிக்கை அனுப்பினா, தலைமையகத்தில் ‘இன்னும் எண்பது சதவீதம் இருக்கே’ன்னு தோணும். உண்மையில் ஸ்குவாட்டுகளே இல்லாம போயிருக்கலாம்.

ஜெர்மனி எல்லையில் ஹூர்ட்கென் காடு. 1944 நவம்பர் 2-ம் தேதி 28-வது டிவிஷன் ஷ்மிட் என்ற கிராமத்தைப் பிடிக்கப் போச்சு. பென்சில்வேனியாக்காரங்க நிறைய இருந்த டிவிஷன், தோளில் சிவப்புச் சின்னம். ரெண்டு வாரத்துக்குள்ள அந்த டிவிஷனும் அதோட சேர்ந்து போன பிரிவுகளும் இழந்தது 6,000 பேருக்கு மேல. இறந்தவங்க, காயம்பட்டவங்க, பிடிபட்டவங்க, குளிரில் கால் அழுகினவங்க எல்லாம் சேர்த்து. மேல சொன்ன 5,211-ஐ மறுபடி ஒருமுறை பாருங்க.

காலியான இடத்துக்கு என்ன பண்ணாங்க? ஆளைப் போட்டு நிரப்பினாங்க. அமெரிக்கா மொத்தமே 90 டிவிஷன் அளவுக்குத்தான் திரட்டியிருந்தது. ஒரு டிவிஷனைப் பின்னால இழுத்து ஓய்வு குடுத்து, இன்னொண்ணை முன்னால அனுப்பற வசதி பெரும்பாலும் இல்லை. அதனால ரிப்பேருக்கு ஸ்பேர் பார்ட் அனுப்பற மாதிரி ஆளை ஒவ்வொருத்தரா அனுப்பினாங்க. நடுவுல தங்கற முகாமுக்குச் சிப்பாய்கள் வெச்ச பேர் ‘ரெப்பிள் டெப்பிள்’. பத்தொன்பது வயசுப் பையன் அங்கிருந்து லாரியில ஏறி, ராத்திரி நேரத்துல, முகமே தெரியாத ஒரு சார்ஜென்ட்கிட்ட ஒப்படைக்கப்படுவான். விடியறதுக்குள்ள ஷெல் விழுந்து செத்துட்டா, பக்கத்துக் குழியில இருந்தவனுக்கு அவன் பேர்கூடத் தெரியாது. சார்ட்டில் கட்டம் காலியாகும், நிரம்பும், மறுபடி காலியாகும். 193-ங்கற எண் மட்டும் மாறவே மாறாது.

1944 டிசம்பரில் ஜெர்மன்காரர்கள் ஆர்டென் காட்டில் பெரிய தாக்குதல் ஆரம்பிச்சதும் நிரப்ப ஆளே இல்லாத நிலைமை. அப்போதான் பின்வரிசை சப்ளைப் படைக்குத் தலைவரா இருந்த ஜெனரல் ஜான் லீக்கு ஒரு யோசனை. தன் கீழே ஆயிரக்கணக்கில் கறுப்பின சிப்பாய்கள் இருக்காங்களே.

அன்னைக்கு அமெரிக்க ராணுவம் நிறத்தால் பிரிஞ்சு கிடந்தது. கறுப்பினத்தவருக்குத் தனிப் பிரிவுகள். சண்டைக்குப் போன பிரிவுகளும் உண்டு, ஆனா பெரும்பாலானவங்களுக்குக் கிடைச்சது லாரி ஓட்டறது, துறைமுகத்தில் மூட்டை இறக்கறது, சாலை போடறது. லீ முதலில் எழுதின அறிவிப்பு, நிறம் பார்க்காம எங்கே தேவையோ அங்கே அனுப்புவோம்னு சொல்லிச்சு. ஐசனோவரின் தலைமையகம் அதைப் பார்த்துப் பதறி மாத்தி எழுத வெச்சது. தனி ஆளா கலக்கக்கூடாது, தனிப் பிளாட்டூனாத்தான் போகணும். தலைவரும் சார்ஜென்ட்களும் வெள்ளைக்காரங்களா இருக்கணும். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சார்ஜென்ட்டா இருக்கறவர் வர விரும்பினா பட்டையைக் கழட்டிட்டுச் சாதாரண சிப்பாயா வரணும். ஒரு கறுப்பின சார்ஜென்ட் வெள்ளைக்காரனுக்கு உத்தரவு போடற நிலைமை வந்துடக்கூடாது பாருங்க.

ஆயிரக்கணக்கில் முன்வந்தாங்க. பதவியையும் அதோட சம்பளத்தையும் விட்டுட்டு வந்தவங்க நிறையப் பேர். பிரான்ஸின் நுவாயோனில் அவசரப் பயிற்சி முடிஞ்சு, 1945 மார்ச்சில் 2,200-க்கும் அதிகமானவங்க முன்வரிசைக்குப் போனாங்க. 1-வது ராணுவத்தில் ஒவ்வொரு பிளாட்டூனையும் ஒரு வெள்ளையர் கம்பெனியோட சேர்த்தாங்க. கம்பெனியில ஏற்கனவே மூணு ரைஃபிள் பிளாட்டூன், ஒரு ஆயுதப் பிளாட்டூன், மொத்தம் நாலு. அதனால பல இடங்களில் இவங்க பேர் ‘ஐந்தாவது பிளாட்டூன்’. சார்ட்டில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.

7-வது ராணுவத்தில் வேற மாதிரி. பிளாட்டூன்களை ஒண்ணாச் சேர்த்துத் தனிக் கம்பெனிகள் ஆக்கினாங்க. பிளாட்டூன் அளவுக்கு மட்டும் பயிற்சி எடுத்தவங்களைத் திடீர்னு கம்பெனியாச் சண்டை போடச் சொன்னா சிக்கல் வரும்தானே, வந்தது. குறை ஆளிடம் இல்லை, அமைப்பில் இருந்தது. அந்தக் கம்பெனிகளில் ஒண்ணில் இருந்தவர்தான் எட்வர்ட் கார்ட்டர்.

அவரோட வாழ்க்கையை யாராவது கதையா எழுதினா நம்பமாட்டீங்க. 1916-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். பெற்றோர் மிஷனரிகள், அதனால வளர்ந்தது கல்கத்தாவில், பிறகு ஷாங்காயில். இந்தி பேசுவார், சீன மொழி பேசுவார். பதின்ம வயசிலேயே சீன ராணுவத்தில் சேர்ந்து ஜப்பானியரை எதிர்த்துச் சண்டை. அப்புறம் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவுக்கு எதிராகப் போன அமெரிக்கத் தன்னார்வலர் படையில். இத்தனை அனுபவத்தோட அமெரிக்க ராணுவத்துக்கு வந்தவருக்குக் குடுத்த இடம் லாரிப் பிரிவு. அறிவிப்பு வந்ததும் ஸ்டாஃப் சார்ஜென்ட் பட்டையைக் கழட்டினார்.

1945 மார்ச் 23, ஸ்பையர் நகரத்துக்குப் பக்கத்தில். அவர் ஏறி வந்த டாங்க் மேல ஒரு கிடங்கிலிருந்து தாக்குதல். மூணு பேரைக் கூட்டிக்கிட்டுத் திறந்த வெளியில ஓடினார். அதில் ரெண்டு பேர் செத்துட்டாங்க, ஒருத்தருக்குப் பலத்த காயம். கார்ட்டர் தனியாத் தொடர்ந்தார். அஞ்சு இடத்தில் காயம். ஒதுங்கிக் கிடந்தவரைப் பிடிக்க எட்டு ஜெர்மன்காரர்கள் வந்தாங்க. ஆறு பேரைச் சுட்டு, ரெண்டு பேரைச் சிறைப்பிடிச்சு, அவங்களையே கேடயமா வெச்சுக்கிட்டு அந்தத் திடலைத் திரும்பக் கடந்தார்.

போர் முடிஞ்சதும் அந்தத் தன்னார்வலர்களை நிறவாரியாகப் பிரிஞ்சு கிடந்த பழைய பிரிவுகளுக்கே திருப்பி அனுப்பினாங்க. அதே சமயம் ராணுவத்தின் ஆய்வுப் பிரிவு, அவங்களோட சேர்ந்து சண்டை போட்ட வெள்ளை அதிகாரிகளையும் சார்ஜென்ட்களையும் கேட்டது. 80 சதவீதத்துக்கும் மேல ‘ரொம்ப நல்லாச் சண்டை போட்டாங்க’ன்னு சொன்னாங்க. முன்னாடி இந்த ஏற்பாடே பிடிக்கலைன்னு சொன்னவங்களில் பெரும்பாலானவங்க மனசு மாறியிருந்தது. அந்த அறிக்கையை அப்போ வெளியே விடலை. ராணுவத்தில் நிறப் பிரிவினையை நீக்கச் சொல்லி ட்ரூமன் உத்தரவு போட்டது 1948 ஜூலையில்.

அதுக்கு அடுத்த வருஷம் கார்ட்டர் மறுபடி பதிவு செய்யப் போனார். ராணுவம் மறுத்துட்டது. சீனாவிலும் ஸ்பெயினிலும் சண்டை போட்டவர், கம்யூனிஸ்ட்டா இருக்கலாம்னு சந்தேகம். காரணத்தைக்கூட அவர்கிட்ட சரியாச் சொல்லலை. அவர் 1963-ல் இறந்தார். 1997 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் கிளின்டன் ஏழு கறுப்பின வீரர்களுக்கு நாட்டின் உச்ச வீர விருதைக் குடுத்தார். ஏழு பேரில் உயிரோட இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருத்தர்தான். கார்ட்டருக்கு வந்த பதக்கத்தை அவர் மகன் வாங்கிக்கிட்டார். மறுபதிவை மறுத்ததுக்கு ராணுவம் மன்னிப்புக் கேட்டது 1999-ல், அதுவும் குடும்பத்தார் விடாம கோப்புகளைத் தோண்டி எடுத்து வெச்ச பிறகு.

ஹூர்ட்கென் காட்டைப் பத்தித் தனி எபிசோட் வேணும்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. அடுத்த வாரம் அதுதான்.